அயலூரில் தொலைத்த பொருள் யார் கையால் திரும்புகிறது?

வெளிநாட்டில் பையைத் தொலைத்தவரின் பாடு, சொந்த ஊரில் தொலைத்தவரின் பாட்டைவிடக் கடினம். அவருக்கு அந்த ஊர் மொழி தெரியாது. எந்த அலுவலகத்தில் போய்க் கேட்பது என்று தெரியாது. இரண்டு நாளில் விமானம் ஏறியாக வேண்டும். பிறகு பை கிடைத்தாலும் வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. உள்ளூர்க்காரர் யாராவது கைகொடுத்தால்தான் உண்டு. அந்தக் கை எதனால் நீள்கிறது? மக்களின் நேர்மையாலா, சட்டத்தாலா, இடையில் நிற்கும் மனிதராலா, இல்லை இருப்பிடம் காட்டுவதற்காக இப்போது பைக்குள் போட்டுவிடும் வில்லைக் கருவியாலா?

இதற்கு ஈராயிரம் ஆண்டுகளாகவாவது பதில் எழுதிவருகிறார்கள். அண்மைக் காலப் பதில்களில் பெரும்பகுதி, கண்டெடுத்தவரின் மனத்தைத்தான் துருவுகிறது. கண்டெடுத்தவரும் தொலைத்தவரும் எங்கே, எப்போது, எப்படிச் சந்திப்பது என்ற கேள்வி அந்த ஆராய்ச்சியில் ஓரமாகவே கிடக்கிறது. இந்தக் கட்டுரை அந்த ஓரத்திலிருந்து பார்க்க முயல்கிறது.

யாத்திரிகருக்காக எழுதப்பட்ட விதிகள்

தொலைந்த பொருள் பற்றிய சட்டம் மிகப் பழையது. ஹம்முராபியின் கல்வெட்டுச் சட்டத்திலேயே, தொலைந்த பொருள் இன்னொருவர் கையில் அகப்பட்டால் இரு தரப்பும் சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும் என்ற விதி உண்டு. மனுநூல் பொறுப்பை அரசனிடம் வைக்கிறது. உடையவர் தெரியாத பொருளை அரசன் மூன்றாண்டு காக்க வேண்டும். அதற்குள் உடையவர் வந்தால் ஆறிலொன்று, பத்திலொன்று அல்லது பன்னிரண்டிலொன்று அரசனுக்குச் சேரும். வராவிட்டால் பொருளே அரசனுக்கு.

வெளியூர்ப் பயணியைக் குறிப்பாக நினைத்துப் பார்த்த சட்டம் என்றால் யூதர்களின் மிஷ்னாவைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட அந்நூல், கண்டெடுத்த பொருளை எவ்வளவு காலம் கூவி அறிவிக்க வேண்டும் என்று கேட்டு இரண்டு பதில்களைப் பதிந்திருக்கிறது. அக்கம்பக்கத்தார் அறியும்வரை என்கிறார் ரப்பி மேயிர். ரப்பி யூதாவுக்கு அது போதவில்லை. மூன்று யாத்திரைத் திருவிழாக்கள் கடக்க வேண்டும், கடைசித் திருவிழாவுக்குப் பின் இன்னும் ஏழு நாள் என்கிறார். அந்த ஏழுக்குக் கணக்கும் தருகிறார்: யாத்திரிகர் வீடு போய்ச் சேர மூன்று நாள், பொருளைக் காணோம் என்று தெரிந்து திரும்பி வர மூன்று நாள், அறிவிக்க ஒரு நாள். எருசலேமில் தொலைத்தவரும் கண்டெடுத்தவரும் வந்து நிற்பதற்கென்றே ஒரு கல் இருந்ததாகப் பின்வந்த யூதச் சட்டநூலான தல்மூது சொல்கிறது. ஒருவர் கூவுவார், மற்றவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்வார். கண்டெடுத்தவர் நல்லவரா என்ற விசாரணைக்கு அந்தக் கல்லடியில் பெரிய வேலையில்லை. இடம், காலம், அடையாளம் மூன்றையும் விதி நிர்ணயித்துவிட்டது.

இஸ்லாமியச் சட்டத்தில் கண்டெடுத்த பொருளின் உறையையும் கட்டிய கயிற்றையும் நினைவில் வைத்து, ஓராண்டு அறிவிக்க வேண்டும் என்பது பொதுவிதி. மெக்கா மட்டும் விலக்கு. அங்கே விழுந்து கிடப்பதை, அறிவிக்கும் நோக்கமுள்ளவர் மட்டுமே எடுக்கலாம். ஹஜ் பயணிகள் தவறவிட்டதை எடுப்பதையே தடுக்கும் நபிமொழியும் உண்டு. இதற்கு அறிஞர்கள் தந்த விளக்கங்கள் பல. உலகின் பல மூலைகளிலிருந்து வந்து கலைந்துபோகும் கூட்டத்துக்கு, உள்ளூர்ச் சந்தைக்கு வகுத்த விதி பொருந்தாது என்ற உணர்வு அவற்றில் தெரிகிறது.

நம் பக்கத்துச் சான்று ஒன்றையும் சேர்க்கலாம். புகாரின் வெள்ளிடை மன்றத்தில், ஊருக்குப் புதியவர்களான வணிகரின் பெயர் பொறித்த மூட்டைகள் காவலில்லாமல் கிடந்தன என்கிறது சிலப்பதிகாரம். திருடுபவன் சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறக்கிவைக்க முடியாமல் சுழல்வானாம். பின்பாதி காவிய மிகை. முன்பாதியில் இருப்பது வியாபார நடைமுறை: அயலாரின் சரக்கு யாருடையது என்பதை அந்தச் சரக்கே சொல்ல வேண்டும்.

நேர்மையை அளந்தவர்கள்

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி உளவியலாளர் கைக்கு மாறியது. எந்த ஊர்க்காரர் நேர்மையானவர் என்று அளக்கத் தொடங்கினார்கள். இத்தகைய சோதனைகளில் மிகப் பெரியது அலைன் கோன், மிசேல் மரேஷால், டேவிட் டானன்பாம், கிறிஸ்டியன் சுண்ட் நால்வரும் 2019இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,303 பணப்பைகள். வங்கி, அருங்காட்சியகம், அஞ்சலகம், ஓட்டல், காவல்நிலையம் போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில், ‘தெருவில் கிடந்தது, உடையவரைத் தேடிக் கொடுத்துவிடுங்கள்’ என்று ஒப்படைத்துவிட்டு நகர்ந்தார்கள். பை ஒளி ஊடுருவும் உறை. உள்ளே ஒரே பெயரில் மூன்று முகவரி அட்டைகள், ஒரு சாவி, கடைச் சாமான் பட்டியல். சிலவற்றில் சுமார் 13 டாலர் மதிப்புள்ள உள்ளூர்ப் பணம்; சிலவற்றில் காசே இல்லை.

காசு இல்லாத பைகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கும், காசு இருந்தவற்றில் 51 விழுக்காட்டுக்கும் உடையவருக்கு மின்னஞ்சல் வந்தது. அமெரிக்கா, பிரிட்டன், போலந்து மூன்றில் மட்டும் தொகையை 94 டாலருக்கு உயர்த்திப் பார்த்தார்கள். தகவல் வந்த விகிதம் 72 ஆக ஏறியது. பணம் கூடினால் ஆசை கூடும் என்று முன்கூட்டிக் கணித்திருந்த பொருளியலாளர்களும் பொதுமக்களும் தவறிப்போனார்கள். பணமில்லாப் பையைக் கண்டுகொள்ளாமல் விடுவது சோம்பல். பணமுள்ளதை வைத்துக்கொண்டால் தன் கண்ணுக்கே தான் திருடன் ஆகிவிடுவோம் என்பது ஆய்வாளர் விளக்கம். சாவியும் கணிசமான வித்தியாசம் செய்தது. சாவி கண்டெடுத்தவருக்குப் பயனில்லை, தொலைத்தவருக்கோ அது இல்லாமல் ஆகாது.

நாட்டுவாரிப் பட்டியலில் ஸ்விட்சர்லாந்தும் நோர்வேயும் மேலே, சீனா கீழே, இந்தியாவும் கீழ்ப்பகுதியில். செய்தித்தாள்கள் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டன. ஆனால் 2013இல் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ 16 நகரங்களில் தலா 12 பைகளைப் போட்டுப் பார்த்தபோது, ஹெல்சின்கியில் 11 திரும்பின, அடுத்த இடம் 9 பைகளுடன் மும்பைக்கு. பன்னிரண்டு பையை வைத்து ஒரு நகரத்தின் குணத்தைச் சொல்ல முடியாது. ஆயினும் ஒரே நாடு ஒரு பட்டியலின் தலையிலும் இன்னொன்றின் அடியிலும் நிற்கும்போது, அளவுகோலைச் சந்தேகிப்பதுதான் முறை. அந்தச் சோதனையில் கடைசி இடம் லிஸ்பனுக்கு. அங்கே திரும்பிய ஒரே பையைக் கொடுத்தவர்களும் நெதர்லாந்திலிருந்து சுற்றிப் பார்க்க வந்த தம்பதி!

அளவுகோல் பற்றிய சந்தேகத்துக்கு வலுவான ஆதாரம் 2023இல் வந்தது. சீன ஆய்வாளர்கள் தங்கள் நகரங்களில் இதே சோதனையை மீண்டும் செய்து, மின்னஞ்சல் வந்ததா என்பதோடு பை பத்திரமாக இருக்கிறதா என்றும் போய்ப் பார்த்தார்கள். மின்னஞ்சல் அனுப்பியவர்கள் கால்பங்கைச் சற்றே தாண்டினர். பையைத் தொடாமல் எடுத்துவைத்திருந்தவர்களோ முக்கால் பங்குக்கும் மேல். அதாவது பெரும்பாலான பைகள் ஏதோ ஒரு மேசையின் இழுப்பறையில் உடையவருக்காகக் காத்துக்கொண்டிருந்தன. அந்த ஊர்க்காரருக்கு இது பெரிய பாதகமில்லை. மறுநாள் வந்து கேட்பார், வாங்கிப்போவார். மறுநாள் விமானம் ஏறுகிறவருக்கு, காத்திருக்கும் பையும் காணாமல் போன பையும் ஒன்றுதான்.

இந்த ஆய்வுகளிலெல்லாம் பை உள்ளூர்க்காரருடையது. தொலைத்தவர் அயலவராக இருந்தால்? ராய் ஃபெல்ட்மன் 1968இல் வெளியிட்ட ஆய்வு பாரிஸ், ஏதென்ஸ், பாஸ்டன் மூன்று நகரங்களில் உள்நாட்டாருக்கும் அயல்நாட்டாருக்கும் கிடைக்கும் உதவியை ஒப்பிட்டது. வேறுபாடு தெரிந்த இடங்களில், ஏதென்ஸ்வாசிகள் அயலவரை மேலாக நடத்தினர். பாரிஸும் பாஸ்டனும் தம்மவர் பக்கம் சாய்ந்தன. அதே ஆண்டில் ஹார்ன்ஸ்டைனும் குழுவினரும் நியூயார்க்கில் இன்னொரு தந்திரம் செய்தார்கள். பணப்பையோடு ஒரு கடிதத்தையும் உறையில் போட்டு வீதியில் விட்டார்கள். முன்பு ஒருவர் அந்தப் பையைக் கண்டெடுத்துத் திருப்பி அனுப்ப முயன்றதாகக் கடிதம் காட்டும். எழுதியவர் உள்ளூர்க்காரர் போலத் தெரிந்தபோது, அவருடைய உற்சாகமோ சலிப்போ படித்தவரையும் தொற்றியது. கொச்சை ஆங்கிலம் எழுதும் அயல்நாட்டவர் போலத் தெரிந்தபோது அந்தத் தாக்கம் காணப்படவில்லை. இரண்டும் அரை நூற்றாண்டுக்கு முந்தியவை, சிறியவை. ஆனாலும் ‘நேர்மையான நாடு’ என்ற ஒற்றை எண், அயலவரை அந்நாடு எப்படி நடத்தும் என்பதைச் சொல்லாது என்ற எச்சரிக்கைக்கு இவை போதும்.

சட்டமும் சாவடியும்: டோக்கியோ

நேர்மைக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் ஜப்பானைக் காட்டுவார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் மார்க் வெஸ்ட், ஜப்பானையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டு 2003இல் எழுதிய கட்டுரை இந்த எளிய பதிலை மறித்தது. பண்பாடு இல்லையென்று அவர் சொல்லவில்லை. திருப்பிக் கொடுப்பதை எளிதாக்கி, அதற்குக் கூலியும் வைத்து, மறைத்தால் தண்டிக்கும் சட்ட அமைப்பு இல்லாமல் அந்தப் பண்பாடு மட்டும் இவ்வளவு செய்யாது என்பது அவர் வாதம்.

அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 1899இல் தோன்றிய தொலைந்த பொருள் சட்டம் 2006இல் திருத்தப்பட்டு, 2007 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கண்டெடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல்துறையிடம் சேர்க்க வேண்டும். ரயில் நிலையம், கடை போன்ற இடமென்றால் 24 மணி நேரத்துக்குள் அந்த இடத்தாரிடம். உடையவர் வந்தால் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வரை வெகுமதி கேட்கும் உரிமை உண்டு. மூன்று மாதம் யாரும் வராவிட்டால் பொருளே கண்டெடுத்தவருக்கு. கைபேசி, அடையாள அட்டை போன்ற தனிப்பட்ட தகவல் உள்ளவை மட்டும் விலக்கு. தெருவுக்குத் தெரு இருக்கும் கோபான் என்ற காவல் சாவடியில் ஒரு படிவம், ஒரு ரசீது, வேலை முடிந்தது. டோக்கியோவில் சேர்வதெல்லாம் இறுதியில் பெருநகரக் காவல்துறையின் இயிதாபாஷி மையத்துக்குப் போகிறது.

2018இல் டோக்கியோவில் அடையாள அட்டைகளில் ஏறத்தாழ 73 விழுக்காடு, கைபேசிகளில் 83, பணப்பைகளில் 65 விழுக்காடு உடையவரிடம் சேர்ந்தன. அதே ஆண்டு வந்து குவிந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குடைகளில் திரும்பியது ஒரு விழுக்காடு அளவே. இந்த வேறுபாட்டைக் கண்டெடுத்தவரின் குணத்தை வைத்து விளக்க முடியாது. குடையைக் கொண்டுவந்து கொடுத்தவரும் நேர்மையானவர்தான். குடையில் பெயரில்லை, உடையவரும் வழியில் புதுக்குடை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பயணிக்கு இந்த அமைப்பு எங்கே இடறுகிறது? ரயிலில் விட்ட பை சில நாள் ரயில் நிறுவனத்திடம் இருக்கும், பிறகு காவல்துறைக்கு மாறும். எந்தத் தடம், எந்த நிறுவனம் என்று தெரியாதவர் தவறான முகப்பில் வரிசையில் நிற்பார். ஊர் திரும்பிய பின் பை கிடைத்தால், தன் சார்பில் வேறொருவர் பெற்றுக்கொள்ள ஒப்புதல் கடிதம் எழுதி, அந்த ஆளின் அடையாளச் சான்றோடு அனுப்ப வேண்டும். வாங்கியவர் அதை வெளிநாட்டுக்கு அஞ்சலில் அனுப்பப் போனால் சுங்கப் படிவம். உள்ளே கைபேசியோ பவர் பேங்கோ இருந்தால் லித்தியம் மின்கலத்துக்கான அஞ்சல் கட்டுப்பாடு. இவ்வளவு ஒழுங்கான ஊரிலும் கடைசி அடியை வைக்க உள்ளூரில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். பாரிஸ் 1805இலேயே காவல்துறையின் கீழ் தொலைந்த பொருள் பணியகத்தைத் தொடங்கிவிட்டது. ஜெர்மன் சட்டம் 500 யூரோ வரை 5 விழுக்காடும், அதற்கு மேற்பட்டதற்கு 3 விழுக்காடும் வெகுமதி தருகிறது. இந்தியாவில் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, கண்டெடுத்தவரை ஒப்படைப்புப் பொருளைக் காப்பவரின் பொறுப்பில் வைக்கிறது. அறிவித்த வெகுமதிக்கு வழக்குப் போடலாம். சட்டமே நிர்ணயித்த விகிதம் ஏதும் இல்லை. இங்கிலாந்தில் 1981இல் தீர்ந்த பார்க்கர் வழக்கு பயணத்தோடு தொடர்புடையது. ஹீத்ரோ விமான நிலைய ஓய்வறையில் தங்கக் காப்பு ஒன்றைக் கண்டெடுத்த பயணி, உடையவர் வராவிட்டால் தனக்குத் தரும்படி சொல்லி விமான நிறுவன ஊழியரிடம் கொடுத்தார். யாரும் வரவில்லை, நிறுவனம் 850 பவுண்டுக்கு விற்றுவிட்டது. பணம் பயணிக்கே என்றது நீதிமன்றம். காப்பின் சொந்தக்காரர் கடைசிவரை யாரென்றே தெரியவில்லை. வழக்கு நூல்களில் இத்தகைய தீர்ப்புகள் நிறைய. கண்டெடுத்தவருக்கும் இடத்துக்காரருக்கும் நடக்கும் தகராறில் சட்டம் கூர்மையாகிக்கொண்டே போனது. தொலைத்தவருக்கு அதில் ஒரு பயனும் இல்லை.

இடையாள்

மூன்றாவது நிலைப்பாடு, பொருள் திரும்புவது நல்லவராலும் அல்ல, சட்டத்தாலும் அல்ல, இடையில் நின்று இரு தரப்பையும் பேசவைக்கும் ஆளால் என்பது. ஓட்டல் வரவேற்பாளர், டாக்சி நிறுவனத்தின் தொலைபேசி ஊழியர், அங்கே குடியிருக்கும் நம்மூர்க்காரர் இவர்களெல்லாம் இந்த வகை. ஊர்மொழியில் இரண்டு நிமிடம் பேசிவிட்டால் அவிழும் சிக்கல்கள் ஏராளம். டாக்சி ரசீதில் அச்சாகியிருக்கும் வண்டி எண் பயணிக்கு வெறும் எண். அதை வைத்து எங்கே கூப்பிடுவது, யாரைக் கேட்பது என்பது உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

இந்த நிலைப்பாட்டின் இருட்டுப் பக்கத்தையும் வரலாறு காட்டியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜோனத்தன் வைல்ட், தொலைந்ததை மீட்டுத் தரும் அலுவலகமே நடத்தினார். பொருளைப் பறிகொடுத்தவர் வந்து சொல்வார், சில நாளில் பொருள் வந்துவிடும், வெகுமதி கைமாறும். திருடர்களும் அவருடைய ஆட்களே என்பது மெல்ல வெளிப்பட்டது. திருட்டுப் பொருளை மீட்டுத்தரக் கூலி வாங்குவதை 1718இல் குற்றமாக்கினார்கள். வைல்ட் 1725இல் தூக்கிலிடப்பட்டார். நம்மூரில் மாடு களவுபோனால் துப்புக்கூலி கேட்டு வருபவனை நம்பவும் முடியாமல் விரட்டவும் முடியாமல் தவித்த கதை இதன் இன்னொரு வடிவம்தான். ‘எந்தக் கேள்வியும் கேட்கமாட்டோம்’ என்று வெகுமதி விளம்பரம் செய்வது இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டப்படி இன்றும் குற்றம். ஒரு பயணி அவசரத்தில் ‘எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன்’ என்று சொல்வது அந்த ஊரில் நன்றியா, பேரமா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

வேறு வகைத் தடைகளும் உண்டு. அறையில் விட்டுப்போன பொருளுக்காகப் பல ஓட்டல்கள் தாமாக விருந்தினரை அழைப்பதில்லை. அங்கே தங்கியது வீட்டார் அறியக்கூடாத சேதியாக இருக்கலாம் என்ற நாசூக்கு! கேட்டால்தான் கிடைக்கும்.

தூதரகத்தைப் பற்றிப் பயணிகள் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு பெரியது. 1963 வியன்னா உடன்படிக்கை, தூதரகப் பணிகளில் பாஸ்போர்ட் வழங்குவதையும் தன் நாட்டவருக்கு உதவுவதையும் சேர்த்திருக்கிறது. கேமராவைத் தேடித்தரும் கடமையைச் சேர்க்கவில்லை. பாஸ்போர்ட் தொலைந்த இந்தியருக்கு, காவல்துறைப் புகாரின் பேரில் நாடு திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் கிடைக்கும். இதில் ஒரு முரண். தொலைந்ததாகப் பதிவான பாஸ்போர்ட் விவரம் இன்டர்போல் தொகுப்புக்குப் போய்விட்டால், மறுநாள் நல்ல மனிதர் ஒருவர் அதைக் கண்டெடுத்துக் கொடுத்தாலும் பயணத்துக்கு உதவாது. உடனே புகார் செய் என்கிறது ஒரு விதி. ஒரு நாள் பொறுத்திருந்தால் கிடைத்திருக்குமே என்கிறது அனுபவம். இரண்டையும் ஒத்துப்போகச் செய்யும் வழியை இதுவரை யாரும் காட்டவில்லை.

வில்லையும் பெட்டியும்

கருவி இருந்தால் ஆளே வேண்டாம் என்பது புதிய நம்பிக்கை. ஆப்பிளின் ஏர்டேக் 2021 ஏப்ரலில் வந்தது. 2024 இறுதி முதல், பெட்டி இருக்கும் இடத்தை விமான நிறுவனத்தோடும் பகிரலாம். விமானத்தில் பதிவு செய்த பெட்டிகளுக்கு வேறெதற்கும் இல்லாத ஓர் அனுகூலம் உண்டு: பெட்டியோடு பெயரும் எண்ணும் ஒட்டியே போகின்றன. விமானத் துறைக்கான தகவல் தொழில்நுட்ப நிறுவனமான சீட்டாவின் கணக்கில் 2024இல் ஆயிரம் பயணிகளுக்குச் சுமார் ஆறு பெட்டிகளே தடம் மாறின. மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 21 நாள் வராத பெட்டி தொலைந்ததாகக் கருதப்படும். இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு).

கையிலிருந்து நழுவிய பொருளுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வில்லை, பை இருக்கும் தெருவைக் காட்டும். கதவைத் திறந்து தராது. அந்த வீட்டுக்காரர் கண்டெடுத்தவரா, திருடரா, கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவரா என்று வரைபடத்திலிருந்து தெரியாது. அயல்நாட்டில் தானே போய்க் கதவைத் தட்டுவது ஆபத்து. காவலரை அழைத்துப்போக வேண்டுமானால் மறுபடி மொழி, மறுபடி உள்ளூர் ஆள்.

தீராத கேள்விகள்

நேர்மைக் கொள்கையைத் தள்ளிவிட முடியாது. யாரும் குனிந்து எடுக்காத பொருளுக்கு எந்த அலுவலகமும் உதவாது. ஆனால் நாட்டுக்கு நாடு காணும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு குணத்துடையது, எவ்வளவு பங்கு சாவடியின் அருகாமையுடையது என்பதைப் பிரித்துக் காட்டும் தரவு மெலிதாகவே இருக்கிறது. சீனாவின் மறுசோதனையைப் பார்த்தபின், குணத்தின் பங்கு இதுவரை சற்று மிகையாகவே மதிப்பிடப்பட்டது என்று கருத இடமிருக்கிறது. சட்டத்தரப்பு வலுவாகத் தெரிந்தாலும் அதன் முதன்மைச் சான்று ஜப்பான் ஒன்றே. அதே சட்டத்தை வேறு மண்ணில் நட்டால் அதே விளைச்சல் வருமா என்று ஒற்றைச் சான்றை வைத்துச் சொல்ல முடியாது. வெகுமதி விகிதத்தின் பங்கும் தெளிவாகவில்லை. ஜெர்மனியின் 3 விழுக்காட்டுக்கும் ஜப்பானின் 20க்கும் நடுவே எங்கே நன்றி முடிந்து பேரம் தொடங்குகிறது என்பது அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தைப் பொறுத்தது போலும்.

தொலைத்தவர் அயலவர் என்ற நிலையில் நிற்கும் ஆய்வுகள் 1968க்குப் பின் வலுவாகத் தொடரப்படவில்லை. கோன் குழுவின் 40 நாட்டுச் சோதனையை, முகவரி அட்டையில் அயல்நாட்டுப் பெயரையும் அயல்நாட்டுத் தொலைபேசி எண்ணையும் அச்சிட்டு, மின்னஞ்சலோடு நிற்காமல் இழுப்பறைவரை போய்ப் பார்த்து மீண்டும் செய்தால், மூன்று தரப்பினரின் வாதங்களும் ஒரே களத்தில் சோதிக்கப்படும். இடையாளின் மதிப்பையும் அதிலேயே அளக்கலாம்: பாதிப் பைகளுக்கு உடையவர் தாமே கடல் கடந்து கேட்கட்டும், மீதிப் பைகளுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் ஒப்புதல் கடிதத்தோடு நேரில் போய்க் கேட்கட்டும்.

அதுவரை, ரப்பி யூதாவின் ஏழு நாள் கணக்குக்கு ஈடான ஒரு கணக்கு இன்றைய முகப்புகளில் பெரும்பாலும் இல்லை. லண்டன் போக்குவரத்துக் கழகமும் டோக்கியோ காவல்துறையும் வைத்துக்கொள்ளும் மூன்று மாதம், தொலைத்தவர் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார் என்ற எண்ணத்தில் வகுத்த காலம். அவர் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்தால், அந்த மூன்று மாதத்தில் யார் அவருக்காக முகப்புக்குப் போவது என்பதை எந்த விதியும் எழுதிவைக்கவில்லை.